ட்விட்டர்ல போற நேரம் வீண்தானா? 2015 சென்னை வெள்ளத்துல நான் பார்த்தது

ட்விட்டரே வெட்டி வேலைன்னு எங்க வீட்ல இன்னமும் சொல்வாங்க, ஆனா 2015 டிசம்பர் 1 ராத்திரி நடந்தத பார்த்த எனக்கு அப்படி ஒரேயடியா சொல்ல மனசு வரல. செம்பரம்பாக்கம் ஏரில தண்ணி திறந்துவிட்டு அடையாறு ஏறி ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம்னு வரிசையா முங்கிப்போச்சு, கரண்ட் இல்ல, போன் போட்டா லைன் போகல, ஆனா நடுவுல ஒரு நிமிஷம் டேட்டா வந்தா போதும் ஒரு ட்வீட் போயிடும். நான் அப்ப பெங்களூர்ல இருந்தேன். சென்னைரெயின்ஸ்ஹெல்ப் ஹேஷ்டேக்ல வர்றத எடுத்து நாங்க கொஞ்சம் பேர் கூகுள் ஷீட்ல ஏத்திட்டே இருந்தோம், யார் வீட்ல தங்க இடம் இருக்கு, எங்க சாப்பாடு கிடைக்கும், எந்தத் தெருவுக்கு போட் வேணும்னு.

ஒரு ட்வீட்டுக்கு 140 எழுத்துதான் அப்போ. அதுலயும் கோட்டூர்புரம்னு தமிழ்ல அடிச்சா நமக்கு ஏழு எழுத்து, ட்விட்டர் புள்ளி, கொம்பு, காலையெல்லாம் தனியா எண்ணி 13ன்னு கணக்கு வச்சுக்கும். அந்த இடத்துக்குள்ள "முதல் மாடி, மூணு பேர், பாட்டிக்கு இன்சுலின் வேணும், பிள்ளையார் கோயில் எதிர்ல, ராத்திரி 2.40"னு போட்டவங்களுக்கு ஆள் அனுப்ப முடிஞ்சுது. மணி போடாம "மேக்ஸ் ஆர்டி ப்ளீஸ்"னு, அதாவது முடிஞ்ச அளவு ரீட்வீட் பண்ணுங்கன்னு மட்டும் போட்டது ஆளுங்கள கரையேத்தின பிறகும் சுத்திட்டே இருந்துச்சு, போட்காரங்க காலி வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பினாங்க, அந்த நேரத்துக்கு பக்கத்துத் தெருல எத்தன பேர் மொட்டமாடில நின்னிருப்பாங்க சொல்லுங்க.

---

அண்ணே, ரத்தம் கேக்குற மெசேஜுக்கும் இதேதான். மதுரைல அப்பா ஆபரேஷனுக்கு ஓ நெகட்டிவ் வேணும்னு தேதி, வார்டு எல்லாம் போட்டு ட்வீட் பண்ணேன், சாயங்காலத்துக்குள்ள ரெண்டு காலேஜ் பசங்க பைக்ல வந்து குடுத்துட்டுப் போனாங்க, யாருன்னே தெரியாது, ஒரு டீ கூட குடிக்கல. ரத்தம் கிடைச்சதும் ட்வீட்ட அழிச்சிட்டேன். ஆனா யாரோ தேதிய வெட்டிட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல விட்டுட்டாங்க, அடுத்த தீபாவளி வரைக்கும் போன் வந்துச்சு. கூப்பிட்ட ஒவ்வொருத்தரும் நல்ல மனசோட கூப்பிட்டவங்க, அதான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

---

ஆமா தம்பி, நல்லவங்க நேரம்தான் அதுல வீணாகுது. 2017ல 280 எழுத்தாக்குனாங்க, இப்ப எக்ஸ்னு பேரும் மாத்தியாச்சு, இன்னமும் மணி போட மாட்டேங்குறாங்க. மத்த நாள்ல ஹீரோ ரசிகர் சண்டைய ஸ்க்ரோல் பண்றதுக்கு எனக்கு நேரமில்ல, அது சுத்த வேஸ்ட்டுதான். மழை வந்தா மட்டும் திறப்பேன். வர்தா, கஜா புயல் சமயத்துல இந்த மாதிரி பார்த்தவங்க யாராச்சும் இருந்தா எழுதுங்க, குறிப்பா டெல்டா பக்கம் சிக்னல் எத்தன நாள் இல்லாம இருந்துச்சுன்னு.