புதுப்பிப்பு: இரட்டையர் ஆட்டங்களை இருட்டுவதற்குள் முடிப்பது எப்படி?

புதுச்சேரியில் நாங்கள் நடத்தும் ஆடவர் இரட்டையர் டென்னிஸ், மூன்றாவது செட்டில் இழுத்துக்கொண்டே போய் இருட்டிவிடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஏ.டி.பி. (ஆடவர் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) இரட்டையர் முறையைச் சொன்ன அண்ணனுக்குத் தனி நன்றி, அதுதான் கைகொடுத்தது.

டியூஸ் (கேமில் 40-40 சமநிலை) ஆனால் அட்வான்டேஜ், அதாவது தொடர்ந்து இரண்டு பாயிண்ட் எடுக்கும் வரை இழுப்பது, கிடையாது; ஒரே பாயிண்டில் கேம் முடிந்துவிடும். ஆளுக்கொரு செட் என்றால் மூன்றாவதுக்குப் பதில் 10 பாயிண்ட் டைபிரேக்: முதலில் 10 பாயிண்ட் எடுக்கும் ஜோடிக்கு வெற்றி, ஆனால் 2 பாயிண்ட் முன்னிலை வேண்டும். ஃபைனலே வெளிச்சத்தில் முடிந்தது.

எதிர்பாராதது ஒன்று. அந்த ஒற்றைப் பாயிண்டுக்கு வலப்பக்கமா இடப்பக்கமா, எந்தப் பக்கம் சர்வ் வாங்குவது என்பதை ரிசீவ் செய்யும் ஜோடி முடிவு செய்யலாம். ஆனால் தங்களுக்குள் இடம் மாறக் கூடாது. ஒரு ஜோடி மாறி நிற்க, வலைக்கு இருபுறமும் நாலு பேரும் கத்தினார்கள். முதல் ரவுண்டுக்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். 10 பாயிண்ட் டைபிரேக் தொடங்கும்போது மட்டும், புது செட் போலவே, ஜோடிக்குள் சர்வ் வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.