சொல் தேவை: பிரேக் ஃபேட், கூலிங் டக்ட் (வெள்ளிக்குள்)

(மடற்குழு உரையாடல். எழுதியவர்களை ஊர்ப்பெயரால் குறித்திருக்கிறது.)

போடி:

எல்லாருக்கும் வணக்கம். மோட்டார் மெக்கானிக் பிரிவுப் பையன்களுக்குச் செய்முறைக் குறிப்பு ஒன்று தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அச்சகக்காரர் வெள்ளி மத்தியானம் வரைதான் பொறுப்பாராம். அதற்குமேல் கல்யாணப் பத்திரிகை வேலை வந்துவிடும்.

சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டக்காரர் ஒருவரிடம் பழைய எம்ஜிபி இருக்கிறது. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார் வகை. பிரேக்குக்கு முன் சக்கரத்தில் 10.75 அங்குல டிஸ்க் என்ற தட்டு, பின் சக்கரத்தில் டிரம் என்ற கிண்ணம். அவர் மகன் போன மாதம் போடிமெட்டிலிருந்து நியூட்ரலில் போட்டு, 17 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கிலேயே இறக்கிவிடலாம் என்று கிளம்பியிருக்கிறார். பாதி வழியில் பெடல் தரை தட்டிவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினார். ஆளுக்கு ஒன்றுமில்லை. வண்டி இப்போது எங்கள் பட்டறையில். பையன்கள் சாப்பாட்டு மணிக்குக்கூட அதைவிட்டு நகர மாட்டேன் என்கிறார்கள். பாடம் நடத்த இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

இரண்டு சொல் வேண்டும். சூடேறி பிரேக் வலுவிழப்பதை ஃபேட் என்கிறார்கள். நான் ‘பிரேக் மங்கல்’ என்று எழுதிப் பார்த்தேன். "பிரேக் லைட்டா சார் மங்குது?" என்று கேட்டான் ஒருவன். அடுத்தது, முன் பம்பருக்கு அடியிலிருந்து டிஸ்க்குக்குக் காற்றைக் கொண்டுபோகும் டக்ட். வகுப்பில் பாதிப் பேர் பூப்பாறை, சின்னக்கானல் பிள்ளைகள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். அவர்களுக்கும் புரிய வேண்டும்.

செங்கோட்டை:

பிரேக்குக்கே தமிழ் வைக்காமல் அதன் நோய்க்குப் பெயர் தேடுவது, பிள்ளைக்குப் பேரிடாமல் ஜாதகம் எழுதுவது போல. தேர் ஓடுகிற ஊரில் பிறந்தவனுக்கு பிரேக் தெரியாதா? முட்டுக்கட்டைதான் நம் முதல் பிரேக். சக்கரத்தடியில் கட்டையைக் கொடுத்ததும் உராய்ந்து புகை கிளம்புவதைச் சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். பல கோயில் தேர்களுக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திய பிறகும், கட்டை போடுகிறவர்கள் கூடவே ஓடுகிறார்கள். ஆகவே பிரேக் = முட்டி. ஃபேட் = முட்டியயர்வு.

டக்டுக்குப் புதுச்சொல் வேண்டவே வேண்டாம். காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலம்பில் ‘மான்கண் காலதர்’ என்று சாளரத்துக்கு வருகிறது. இன்னும் கேளுங்கள்: ‘கடலோடா கால்வல் நெடுந்தேர்’ என்ற குறளில் கால் என்பது சக்கரம். காற்றும் கால், சக்கரமும் கால், வாய்க்காலில் நீர் போகும் வழியும் கால். சக்கரத்துக்குக் காற்றைக் கொண்டுபோகும் வழிக்கு இதைவிடப் பொருந்திய சொல் எந்த மொழியில் கிடைக்கும்?

பூப்பாறை:

ஐயா கோவிச்சுக்காதீங்க. முட்டியயர்வுன்னா எங்க ஊர்ல வைத்தியர் தைலம்தான் குடுப்பாரு. காலதர்னு பலகை வச்சா செருப்புக் கடைன்னு ஆள் வரும்.

நான் இருபது வருஷமா ஜீப் ஓட்டுறேன். போடி சார் ஒரே வியாதி மாதிரி சொல்றீங்க, அது ஒண்ணு இல்ல. ஒரு தடவ பெடல் கல்லு மாதிரி நிக்கும், எவ்வளவு மிதிச்சாலும் வண்டி நிக்காது, கருகின வாடை வரும். அது டிஸ்க்க அழுத்துற பேடு, டிரம்ம அழுத்துற லைனர், அதுகளோட சூடு. இன்னொரு தடவ பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். அது பிரேக் ஆயில் கொதிச்சது. ரெண்டுக்கும் சேத்து நாங்க ‘பிரேக் பிடிக்கல’ன்னு சொல்லுவோம். மலையாளத்துக்காரன் ‘பிரேக் கிட்டியில்ல’ம்பான். இதுக்கு மேல என்ன சொல்லு வேணும்?

போடி:

தம்பி சொன்னதுதான் பாடமே. முதலில் எழுதியபோது நானும் இரண்டையும் கலந்துவிட்டேன்.

பையன்களுக்குக் கரும்பலகையில் போட்ட கணக்கு இது. ஆளோடு சேர்த்து வண்டி ஏறத்தாழ ஒரு டன். போடிமெட்டிலிருந்து அடிவாரம் ஏறத்தாழ 1,000 மீட்டர் இறக்கம். ஆக 98 இலட்சம் ஜூல். 30 டிகிரியில் இருக்கிற 33 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். கியரில் இறங்கினால் எஞ்சின் அதில் நல்ல பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் வந்தால், காற்றும் டயரும் தின்றது போக மிச்சமெல்லாம் இரண்டு டிஸ்க், இரண்டு டிரம் தலையில்.

பேடில் இருக்கும் பிசின் சூட்டில் வாயுவாகி, டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவில் படலமாக நின்றால் ‘கல்லு’. ஆயில் கொதித்துக் குழாயில் குமிழி விட்டால் ‘பஞ்சு’, ஏனென்றால் ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 என்ற தர ஆயிலுக்குப் புதிதில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் ஏறிய பின் 155. டாட் 3 என்றால் 205, 140. எங்கள் வண்டியில் வடித்த ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. ஹேண்ட் பிரேக் காப்பாற்றியதற்கும் காரணம் இதுதான்: அது கேபிள், கொதிக்க அதில் எதுவும் இல்லை.

மூன்றாவதும் உண்டு. டிரம் சூட்டில் விரிந்து லைனரை விட்டு விலகும், பெடல் நீளும். மூன்றுக்கும் பொதுவாக ஒரு சொல், பிறகு அடைமொழி. அப்படித்தான் கேட்கிறேன்.

பாலக்காடு:

பூப்பாறைத் தம்பி வாயிலேயே சொல் இருக்கிறதே. பிரேக் ‘பிடிக்கிறது’, ‘பிடிக்கவில்லை’. பிடி சோர்ந்து போகிறது. ஆகவே பிடிசோர்வு. கல் பிடிசோர்வு, பஞ்சுப் பிடிசோர்வு என்று அடைமொழியும் ஒட்டும். பிரேக்கை பிரேக் என்றே விடுங்கள். பஸ்ஸை மாற்ற முடிந்ததா நம்மால்?

கூலிங் என்பதற்கு வழங்கும் குளிர்விப்பு என்ற சொல்லும் எனக்கு உறுத்துகிறது. டிஸ்க்கை யாரும் குளிரவைப்பதில்லை, சூட்டை ஆற்றுகிறோம். காப்பியை ஆற்றுவது போல. மலையாளத்திலும் ஆறுக, ஆற்றுக உண்டு, பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். ஔவை ‘ஆறுவது சினம்’ என்றதும் இந்த ஆறுதல்தான். டக்டுக்கு ஆற்றுக்குழாய்.

கூடலூர்:

ஆற்றுக்குழாய் என்று எழுதினால் முல்லைப் பெரியாற்றிலிருந்து குடிதண்ணீர் வருகிறது என்று பஞ்சாயத்தில் மனுக் கொடுப்பார்கள் அக்கா. ஆறு என்ற பெயர்ச்சொல்லும் ‘ஆற்று’ என்றுதான் திரியும்.

நான் கேட்க வந்தது வேறு. மலை இறங்குகிற வண்டிக்கு டக்டால் என்ன பயன்? காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். பந்தயத் தடத்தில் 120 கிலோமீட்டரில் கிடைப்பதில் 16-இல் ஒரு பங்குதான் கொண்டை ஊசியில் 30-இல் கிடைக்கும். புது ஆயில், நல்ல பேடு, இரண்டாவது கியர். இந்த மூன்றும் இல்லாமல் குழாயை மாட்டுவது பட்டினி கிடக்கிறவனுக்கு விசிறி வீசுவது மாதிரி. தேவையில்லாத பொருளுக்குப் பெயர் எதற்கு என்கிறேன்.

போடி:

ஒப்புக்கொள்கிறேன் அண்ணே. குறிப்பிலும் கியர்தான் முதல் பக்கம், ஆயில் இரண்டாவது. ஆனால் தோட்டக்காரர் மகன் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்ட ஆசைப்படுகிறார், அங்கே டக்டுக்கு வேலை உண்டு. அதோடு அதைத் தப்பாக மாட்டுவது எப்படி என்பதும் பாடம். குழாயை டிஸ்க்கின் விளிம்புக்குக் காட்டுவார்கள். உள்ளே துடுப்பு வைத்த டிஸ்க் என்றால் காற்றை நடுவில், ஹப் பக்கம் விட வேண்டும். டிஸ்க் சுழலும்போது தானே அதை உறிஞ்சி வெளியே தள்ளும். எம்ஜிபியில் இருப்பது துடுப்பில்லாத கட்டி டிஸ்க். அதற்கு ஒரே முகத்தில் ஊதினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆறாது, டிஸ்க் கோணிக்கொள்ளும். இரண்டு முகத்துக்கும் சமமாகப் போக வேண்டும். டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தூசித் தகட்டைக் கழற்றினாலே காற்று தாராளமாகப் போகும், மழையில் சேறு அடிக்கும் என்பது அதன் விலை. பையன்கள் ஒரு பக்கத் தகட்டை இதற்குள் கழற்றியும் விட்டார்கள், என்னைக் கேட்காமல்.

செங்கோட்டை:

பாலக்காட்டு அம்மையாருக்கு: பிடிசோர்வு என்று ஒற்றில்லாமல் எழுதினால் வினைத்தொகை. பிடித்த சோர்வு, பிடிக்கின்ற சோர்வு, பிடிக்கும் சோர்வு. அதாவது ஓட்டுநருக்குத் தூக்கம். பிடியினது சோர்வு என்றால் ஆறாம் வேற்றுமைத் தொகை, வல்லினம் மிகும்: பிடிச்சோர்வு. அப்போதும் சிக்கல் தீராது. பிடி என்றால் பெண் யானை. காட்டு யானை நடமாடும் ஆனையிறங்கல் பக்கம் இந்தச் சொல்லைச் சொன்னால் வனத்துறைக்குப் போன் போகும்.

பூப்பாறை:

ஐயா, அதுவும் பிரேக் பிடிக்காமதான் வருது.

பாலக்காடு:

வல்லினம் மிகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. கைப்பிடி, கதவுப்பிடி என்று நாள்தோறும் சொல்கிறோம், யாருக்கும் யானை நினைவு வருவதில்லை. காலதர் அழகான சொல், அண்ணாச்சி. அழகு என்பதற்காகவே பட்டறைத் தரையில் போட மனசில்லை.

கூடலூர்:

பிடிச்சோர்வுக்கு என் ஓட்டு. டக்டுக்குக் காற்றுக்குழாய் போதும். எனக்கு நாளைக்குக் காலை ஷிப்ட்.

போடி:

வியாழன் இரவு பத்தரை. எண்ணிப் பார்த்ததில் பிடிச்சோர்வுக்கு மூன்று பேர், நானும் சேர்த்து. டக்ட் காற்றுக்குழாய். ‘ஆற்றுதல்’ பாடத்துக்குள் வரும், தலைப்பில் வராது. கல், பஞ்சு இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். மூன்றாவதுக்கு யாரும் பெயர் சொல்லாததால் டிரம் விரிவு என்று எழுதிவிட்டேன். அச்சகத்திலிருந்து வந்த முதல் படியில் ‘பிடிச்சோறு’ என்று இருந்தது. திருத்திக் கொடுத்தாயிற்று.

பூப்பாறை:

சோறே இருந்திருக்கலாம் சார். பையனுக மறக்கமாட்டானுக. நான் ‘பிடிக்கல’ன்னுதான் சொல்லுவேன், என்னைய அந்த மூணுல சேக்காதீங்க.

செங்கோட்டை:

என் மறுப்பையும் பதிந்துகொள்ளவும். காலதர் பற்றித் தனி மடல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன், சற்று நீளமாக வரும். ‘கால்’ என்பதற்குக் காலம் என்றும் பொருள் உண்டு என்பதை இங்கே யாரும் இன்னும் கவனிக்கவில்லை.