பி பிளாக் குடும்பங்கள்: பால்கனி கேஸ் பைப்

கீதா (பி4): சமையலறையில கேஸ் வாசனை வருது. சிலிண்டர் பால்கனியில, செம்புக் குழாய் சுவருக்குள்ள போகுது. என்ன பண்ணலாம்?

சேகர் (பி1): ரெகுலேட்டரை ஆஃப் பண்ணிக் கழட்டி, சிலிண்டர் வாயில மூடி போடுங்கம்மா. கதவு, ஜன்னலைத் திறந்துடுங்க. எந்த சுவிட்சையும் போடவும் வேணாம், அணைக்கவும் வேணாம். ஃபோனை வெளிய வந்து பாருங்க. எல்பிஜி காத்தை விடக் கனம், தரையோட தங்கும், மேடை அடி அலமாரியையும் திறந்து விடுங்க. வாசனை போகலன்னா கேஸ் கசிவு அவசர எண் 1906-க்குக் கூப்பிடுங்க.

கீதா: கழட்டிட்டேண்ணா. இப்ப வாசனை இல்ல.

பாஸ்கர் (பி7): ரெகுலேட்டர் மாட்டினா மட்டும் சிலிண்டர் வாயில கசிஞ்சா, வால்வுக்குள்ள இருக்கிற ரப்பர் வளையம் போயிருக்கும். அதை ஏஜென்சி ஆள்தான் மாத்தணும்.

சேகர்: நல்லா காத்தாடினப்புறம் ரெகுலேட்டர் மாட்டி ஆன் பண்ணி, அடுப்பைப் பத்த வைக்காம, சோப்புத் தண்ணியை வரிசையா தடவுங்க: ரெகுலேட்டர் கழுத்து, செம்புக் குழாய் முனையில இருக்கிற பித்தளை நட், ஹோஸின் ரெண்டு முனை, அடுப்பு திருகுத் தண்டு. சின்னக் கசிவுல நுரை பொங்காது, கடுகு மாதிரி மெதுவா வீங்கும். அரை நிமிஷம் பொறுத்துப் பாருங்க. தீக்குச்சி கூடவே கூடாது.

பாஸ்கர்: திருகுத் தண்டுல வந்தா உள்ள கிரீஸ் காஞ்சிருக்கு, சர்வீஸ் பண்ணா போதும். நட்டுல வந்தா டெஃப்லான் டேப் சுத்தாதீங்க. அங்க மூடுறது மரை இல்ல, குழாயோட விரிஞ்ச வாய். அது கீறியிருந்தா அறுத்துட்டுப் புதுசா விரிக்கணும்.

கீதா: எங்கயும் நுரை இல்லண்ணா.

சேகர்: அப்ப சுவருக்குள்ளதான் சந்தேகம். ரெகுலேட்டரைத் திரும்பக் கழட்டிடுங்க, சோதிக்கிற வரைக்கும் சமைக்க வேணாம். ஆளைக் கூப்பிட்டு செம்புக் குழாயோட ரெண்டு முனையும் கழட்டி, ஒண்ணை அடைச்சு, இன்னொண்ணுல தண்ணி ஊத்துன யூ வடிவக் குழாய் மாட்டி, ரெண்டு பக்கத் தண்ணி மட்டத்துக்கும் 30 செ.மீ. வித்தியாசம் வர்ற வரை காத்து ஏத்தச் சொல்லுங்க. வீட்டு ரெகுலேட்டர் அழுத்தமும் கிட்டத்தட்ட அவ்ளோதான். பத்து நிமிஷத்துல அந்த வித்தியாசம் குறைஞ்சா ஓட்டை.

பாஸ்கர்: சுவரை உடைச்சு எம்-சீல் வைக்க விடாதீங்க. பழைய லைனைக் கைவிட்டுடுங்க. உறையில்லாம சிமென்ட்டுல புதைச்ச செம்பு, ஈரமும் உப்பும் பட்டு அரிக்கும். ஒரு இடத்துல ஓட்டைன்னா அடுத்ததும் வரும். புது லைன் சுவருக்கு வெளிய, கிளாம்ப் போட்டு. சுவரைத் தாண்டுற இடத்துல உறைக்குழாய், அதுக்குள்ள ஜாயின்ட் இருக்கக் கூடாது.

கீதா: அடுப்புப் பக்க ஹோஸ்ல 2019-னு அச்சாயிருக்கு.

சேகர்: ஆயுள் 5 வருஷம்தான், அதையும் மாத்திடுங்க. ஆரஞ்சு சுரக்ஷா ஹோஸ், 1.5 மீட்டர் போதும். மேல துணியோ கவரோ சுத்தாதீங்கம்மா, விரிசல் விட்டா தெரியாது.