பழைய வழிகாட்டி நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு லண்டனில் நடந்த அனுபவம்

பெருநகரம் ஒன்றின் பழைய முகத்தைக் காண விரும்பி நூறாண்டுக்கு முந்தைய பயண வழிகாட்டியைத் திறப்பவர்களில் பெரும்பாலோர் நேராக அரண்மனைகளும் தேவாலயங்களும் உள்ள பக்கங்களுக்கே செல்கிறார்கள். என் அனுபவத்தில் அந்தப் பக்கங்கள்தாம் மிகக் குறைவாகப் பேசுபவை. புனித பவுல் பேராலயத்தின் குவிமாடத்தைப் பற்றி 1900இல் எழுதியவரும் இன்று எழுதுபவரும் ஏறத்தாழ ஒன்றையேதான் சொல்வார்கள். வண்டிக் கட்டணம், நுழைவுக் கட்டணம், எந்தக் கிழமையில் எந்தக் கதவு திறக்கும் என்பன போன்ற, அடுத்த பதிப்பு வருவதற்குள் பழையதாகிவிடும் செய்திகளில்தான் அன்றைய நகரம் இருக்கிறது.

லண்டனுக்கு நான் எடுத்துக்கொண்டவை ஜெர்மனியின் பேடெக்கர் நிறுவனம் வெளியிட்ட ஆங்கிலப் பயண வழிகாட்டிகள். அந்த வரிசையின் முதல் லண்டன் பதிப்பு 1878இல் வந்தது. பின்னர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தி அச்சிட்டுக்கொண்டே இருந்தார்கள். சிவப்புத் துணி அட்டையும் மடித்துவைத்த வரைபடங்களும் கொண்ட அசல் நூல்கள் விலை கூடியவை என்றாலும், பதிப்புரிமை முடிந்த பழைய பதிப்புகளின் மின்நகல்கள் இணைய நூலகங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரே ஒரு பதிப்பை வைத்துக்கொண்டு நடப்பவருக்குப் பாதிதான் கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து. குறைந்தது இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்; மாறியிருக்கும் வரிகளே நமக்கு வேண்டியவை.

ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். 1890களின் தொடக்கத்தில் வந்த பதிப்பில், அந்த ஒரு நாளில் பயணி எங்கே போகலாம் என்று தேடினால் மிகச் சில இடங்களே தேறும். 1900ஆம் ஆண்டுப் பதிப்பிலோ தேசியக் காட்சியகமும் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் ஞாயிறு பிற்பகலில் திறந்திருக்கின்றன. இடையில் நடந்தது இதுதான்: ஓய்வுநாளின் புனிதம் கெடும் என்று பல பத்தாண்டுகளாக எதிர்க்கப்பட்டுவந்த ஞாயிற்றுத் திறப்புக்கு 1896இல் நாடாளுமன்றம் இசைந்தது. வாரத்தில் ஆறு நாளும் உழைத்த தொழிலாளிக்கு ஓவியங்களைக் காண இருந்த ஒரே நாள் அதுதான். இவ்வளவு பெரிய சண்டையின் முடிவு, நேர அட்டவணையில் ஒரு சிறு மாற்றமாக, எந்த விளக்கமும் இன்றி நுழைந்திருக்கிறது. மற்ற நாட்களிலும் நுணுக்கங்கள் உண்டு. சில கிழமைகளில் நுழைவு இலவசம். ஓவியம் பயில்வோர் அமர்ந்து படியெடுக்கும் ‘மாணவர் நாட்களில்’ ஆறு பென்ஸ் கட்டணம். நகர நடுவிலுள்ள சேரிங் கிராஸிலிருந்து நான்கு மைல் வட்டத்துக்குள் இரண்டு மைல் வரை செல்லக் குதிரை வண்டிக்கு ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்ஸ். கூட்டம் குறைந்த அந்தக் கட்டண நாளில் இரண்டு பேர் உள்ளே செல்வதற்கான செலவும் ஒரு வண்டிச் சவாரியும் சமம் என்று தெரிந்தபின், அந்தக் கூடங்களில் யார் எந்த நாளில் நின்றிருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமாக இல்லை.

நடைப்பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஸ்ட்ராண்ட் சாலையின் கிழக்கு முனை. 1900ஆம் ஆண்டு வரைபடத்தில் அங்கே ஹோலிவெல் தெரு, விச் தெரு என்ற இரண்டு குறுகிய தெருக்கள் உள்ளன. ஹோலிவெல் தெரு பழைய புத்தகக் கடைகளுக்கும், மறைத்து விற்கப்பட்ட ஆபாச நூல்களுக்கும் ஒருசேரப் பெயர்பெற்றது. (கண்ணியமான வழிகாட்டி நூல் இரண்டாவதைப் பற்றி வாய்திறக்குமா என்ன!) கிங்ஸ்வே என்னும் அகன்ற சாலையையும் ஆல்ட்விச் என்னும் பிறைவடிவச் சாலையையும் அமைப்பதற்காக லண்டன் மாவட்ட மன்றம் அந்தத் தெருக்களை இடித்துத் தள்ளியது, புதிய சாலைகள் 1905இல் திறக்கப்பட்டன. இன்று அங்கே நின்று பழைய வரைபடத்தை விரித்தால், தெருக்கள் இருந்த இடத்தில் புஷ் ஹவுஸ் போன்ற பெரும் கட்டடங்கள் நிற்கின்றன. திசையைப் பிடித்துக்கொள்ள உதவுபவை புனித மேரி, புனித கிளெமென்ட் என்னும் இரண்டு தேவாலயங்கள் மட்டுமே. அவை அன்றும் இன்றும் அதே புள்ளியில் இருப்பதால், இரண்டுக்கும் நடுவே மனத்தில் ஒரு கோடு இழுத்து, மறைந்துபோன தெருவின் போக்கை ஓரளவு நடந்தே உணர முடிகிறது.

இடிபடாமல் இடம் மட்டும் மாறிய கட்டடங்களும் உண்டு. பிஷப்ஸ்கேட்டில் உணவகமாக இயங்கிவந்த பதினைந்தாம் நூற்றாண்டுக் கிராஸ்பி மண்டபத்தைத் தேடினால் அங்கே கிடைக்காது. அதைப் பிரித்தெடுத்து, 1910இல் மேற்கு லண்டனின் செல்சியில் மீண்டும் எழுப்பிவிட்டார்கள். 1878இல் அகற்றப்பட்ட டெம்பிள் பார் நுழைவாயில், மதுவடிப்பாலை முதலாளி ஒருவரின் ஊர்ப்புற மாளிகைத் தோட்டத்தில் நெடுங்காலம் நின்றிருந்துவிட்டு, 2004இல் புனித பவுல் பேராலயத்தின் அருகே திரும்பி வந்திருக்கிறது. பழைய நூலையும் இன்றைய நகரையும் ஒப்பிடும்போது எல்லாம் அழிந்துவிட்டது என்று பெருமூச்சு விடுபவர்களுக்கு இந்த இரண்டையும் நான் எடுத்துச் சொல்வதுண்டு.

இந்த நூல்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. அவை வசதியுள்ள பயணியின் நகரத்தைத்தான் வரைகின்றன. கிழக்கு லண்டன் மக்களின் வாழ்க்கை அவற்றில் மிகச் சிறிதே இடம்பெறுகிறது. ஆகவே அதே காலத்தில் சமூக ஆய்வாளர் சார்லஸ் பூத் வெளியிட்ட வறுமை வரைபடங்களையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு தெருவின் பொருளாதார நிலையையும், செல்வர்களுக்கு மஞ்சள், மிகவும் அடிமட்டத்தில் இருந்தோருக்குக் கறுப்பு என்று நிறம் தீட்டிக் காட்டும் அந்தத் தாள்களும் இணையத்தில் உள்ளன. விளம்பரங்கள் வேண்டும் என்றால் மர்ரே நிறுவனத்தின் வழிகாட்டிகளைப் பாருங்கள். பேடெக்கர் விளம்பரங்களை ஏற்காமல் இருந்ததையே பெருமையாகக் கருதியது.

அடுத்ததாக, முதல் உலகப்போரைக் கடந்துசெல்லும் ஒப்பீட்டில் இறங்கியிருக்கிறேன். பேடெக்கரின் ஆங்கிலப் பதிப்புகளில் பணியாற்றிய ஃபின்லே மியூர்ஹெட், ஜெர்மனியுடனான உறவு அறுந்தபின் தொடங்கிய நீல வழிகாட்டி வரிசையின் முதல் நூல் 1918இல் வந்த லண்டன்தான். அதை 1911ஆம் ஆண்டுப் பேடெக்கருடன் வைத்துப் படிக்கிறேன். பாரிஸுக்கு இதுபோல் செய்து பார்த்தவர்கள் இருந்தால், 1907இல் பொதுமக்களுக்கு மூடப்படும்வரை வெளிநாட்டுப் பயணிகளும் வேடிக்கை பார்க்கச் சென்ற அந்நகரப் பிணவறையை உங்கள் பதிப்பு எவ்வாறு அறிமுகப்படுத்துகிறது என்று எழுதுங்கள்.