லாஸ் வேகாஸின் சிறிய விலங்குக் காட்சிசாலை மூடப்பட்டது ஏன்?

கதிரவன் கேட்டது:

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகாஸ் நகரின் ராஞ்சோ சாலையில், தென் நெவாடா விலங்கியல் தாவரவியல் பூங்கா என்ற பெயரில் மூன்று ஏக்கர் அளவே உள்ள காட்சிசாலை ஒன்று இயங்கிவந்து, 2013 செப்டம்பரில் மூடப்பட்டதாக அறிந்தேன். ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடிப் பேர் வந்துபோகும் நகரில் இப்படியொரு சிறிய பூங்காவால் நிலைக்க முடியாமற்போனது வியப்பாக இருக்கிறது. அங்கே என்னென்ன இருந்தன, எதனால் மூடப்பட்டது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

நிலவன் எழுதியது:

நண்பர் கதிரவனுக்கு வணக்கம். வேலை நிமித்தம் அந்நகரில் இருந்தபோது ஒருமுறை அங்கே சென்றிருக்கிறேன். சூதாட்ட விடுதிகள் வரிசையாக நிற்கும் ஸ்டிரிப் சாலையிலிருந்து காரில் கால் மணி நேரத் தொலைவுதான் என்றாலும், விடுதிகளில் தங்குவோர் அந்தப் பக்கம் வருவது அரிது. இலாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று அதை நடத்திவந்தது. தென் நெவாடாவில் இயல்பாக வாழும் நச்சு ஊர்வன இனங்கள் அனைத்தையும் ஓரிடத்தில் வைத்திருப்பதையே அவர்கள் தங்கள் தனிச்சிறப்பாகச் சொல்லிக்கொண்டார்கள்.

என் நினைவில் நிற்பது கீலா பல்லி. கறுப்பும் இளஞ்சிவப்புமாகப் பாசிமணி கோத்துப் போர்த்தியது போன்ற உடல்; கொழுப்பைச் சேமித்து வைத்திருக்கும் பருத்த வால். வாழ்நாளின் பெரும்பகுதியை வளைக்குள்ளேயே கழிக்கும் உயிர் என்பதால் அது அசைவதைக் காண நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் நஞ்சில் கண்டறியப்பட்ட ஒரு பொருளை அடிப்படையாகக் கொண்டு உருவான எக்ஸெனடைடு என்ற மருந்து, நீரிழிவு நோய்க்காக 2005-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது என்பதைப் பிறகுதான் படித்தேன்.

வட ஆப்பிரிக்காவின் பார்பரி குரங்குகளும் அங்கிருந்தன. வாலில்லாக் குரங்கு என்று தமிழில் நாம் மனிதக் குரங்கினத்தையே குறிப்பதால், வால் இல்லாத இந்தக் குரங்கை எந்தப் பெயரில் சேர்ப்பது என்று உடன் வந்தவரோடு வாதிட்டது நினைவுக்கு வருகிறது. உண்மையில் அது நம் ஊர்க் குரங்கின் நெருங்கிய உறவு.

மங்கையர்க்கரசி எழுதியது:

மூடப்பட்ட காரணத்தைப் பொறுத்தவரை, கூட்டம் வரவில்லை என்ற விளக்கம் போதாது என்பது என் கருத்து. விலங்குகளைப் பராமரித்துவந்த பணியாளர்கள் 2013 செப்டம்பரில் ஒட்டுமொத்தமாக விலகியதே உடனடிக் காரணம். பெரிய நிறுவனமாக இருந்தால் வேறு ஆட்களை அமர்த்தி நாளைக் கடத்தியிருக்கலாம். விரல் விட்டு எண்ணக்கூடிய பணியாளர்களை மட்டுமே நம்பிய இடத்தில் மறுநாள் கூண்டுகளைக் கழுவவும் உணவு வைக்கவும் யார் இருப்பார்கள்?

அதற்கு முன்பே விலங்குநல அமைப்புகள் அதன்மீது குறைகூறி வந்தன. குறிப்பாக, டெர்ரி என்ற சிம்பன்சி துணையின்றித் தனித்தே பல ஆண்டுகள் அடைபட்டிருந்தது பேசுபொருளாயிற்று. அமெரிக்காவில் விலங்குகளைக் காட்சிக்கு வைக்க 1966-ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டத்தின்கீழ் வேளாண் துறையின் உரிமம் வேண்டும். அது குறைந்தபட்ச வரம்பு மட்டுமே. ஊர்வன அதற்குள் வருவதே இல்லை. ஆகவே, அந்தப் பூங்கா பெருமையாகக் காட்டிய நச்சுப் பாம்புகளும் பல்லிகளும் அந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தன என்பது விந்தைதான்.

கதிரவன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. தாவரவியல் பகுதி எப்படிப்பட்டது என்பதையும் சொல்வீர்களா?

நிலவன் எழுதியது:

பனையைப் போலத் தோன்றும் சைக்கட் என்ற தொன்மையான தாவரங்களும் அரிய மூங்கில் வகைகளும் வைத்திருந்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் மூங்கிலுக்குத் தண்ணீர் விட்டு வளர்ப்பதை ஆர்வம் என்றுதான் சொல்ல வேண்டும். லாஸ் வேகாஸ் அமைந்திருக்கும் மொஹாவி பாலையை அறிய வருபவருக்கு அது பொருத்தமான பாடமன்று. 2007-இல் அதே நகரில், நீர் வழங்கும் அமைப்பே 180 ஏக்கரில் ஸ்பிரிங்ஸ் பிரிசர்வ் என்ற வளாகத்தைத் திறந்தது. ஸ்பானிய மொழியில் புல்வெளிகள் என்று பொருள்படும் பெயரை அந்நகருக்குத் தந்த ஊற்றுகள் இருந்த இடம் அது. அந்த ஊற்றுகள் 1962-இல் வற்றிவிட்டன. பாலைத் தாவரத் தோட்டம் அங்கே முறையாக அமைந்தபின், மூன்று ஏக்கர்ப் பூங்காவின் கல்விப் பணிக்கான இடம் மேலும் சுருங்கியிருக்கும் என்று கருதுகிறேன்.

மங்கையர்க்கரசி எழுதியது:

ஒரு சேர்க்கை. டெர்ரி, புளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸில் உள்ள சேவ் தி சிம்ப்ஸ் காப்பகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கே சிம்பன்சிக் கூட்டங்களுக்கென அகழி சூழ்ந்த பன்னிரண்டு தீவுகள் உள்ளன. ஒவ்வொன்றும் மூன்று ஏக்கருக்குக் குறையாதது, அதாவது லாஸ் வேகாஸ் பூங்கா முழுவதின் அளவு.