ரிமினி கடற்கரையில் மாலையில் மணலில் உட்காரலாமா?

இத்தாலியின் ரிமினியில் அம்மாவுடன் தங்கியிருக்கிறேன். இன்னும் 3 நாட்கள். அம்மாவுக்கு வயது 68. மெரினாவில் உட்காருவதுபோல, மணலில் அமர்ந்து சற்று நேரம் அலையைப் பார்க்க வேண்டும். அவர் கேட்பது அவ்வளவுதான், அதுவே கிடைக்கவில்லை.

இங்கே கரையோரம் பெரும்பாலும், மணலைக் குத்தகைக்கு எடுத்துக் குடையும் கட்டிலும் வாடகைக்கு விடும் நிலையங்கள். ஒவ்வொன்றுக்கும் எண், குடைகள் வரிசை வரிசையாக. குடையும் இரண்டு சாய்வுக் கட்டில்களும் நாள் வாடகைக்குத்தான் என்றார்கள். ஒரு மணி நேரத்துக்கு அது அதிகம். நீர்விளிம்பில் நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு என்பதால் அங்கே துண்டு விரித்தோம். பணியாளர் பணிவாகவே எழுப்பிவிட்டார், வழியை மறிக்கக் கூடாதாம். அம்மா ஒன்றும் பேசாமல் சேலைக் கரையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே நடந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. துறைமுகத்தை ஒட்டிய இலவசக் கடற்கரைக்கு ஞாயிறு காலை போனோம். கால் வைக்க இடமில்லை, நிழலும் இல்லை.

மாலை 7 மணிவாக்கில் குடைகளை ஒவ்வொன்றாக மடக்கிவிடுகிறார்கள், கூட்டமும் கலைந்துவிடுகிறது. நம் ஊரில் அப்போதுதான் கடற்கரையே களைகட்டும்.

குடைகளை மடக்கிய பிறகு, குத்தகைப் பகுதி மணலில் கட்டணமில்லாமல் ஒரு மணி நேரம் உட்கார விடுவார்களா? ரிமினியில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.