லினக்ஸ் கர்னல் டிரைவரில் தேடி எடுத்த ஸ்கஸி சாதனம் (வட்டு போன்றது) கையில் இருக்கும்போதே மறைந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

வட்டுச்சுழல்:
சாதனத்தைத் தேடித் தரும் ஃபங்ஷன்களில், பெயருக்கு முன் இரட்டை அடிக்கோடு போட்ட லுக்கப்பைத்தான் (__scsi_device_lookup) அழைத்திருந்தேன். ஹோஸ்ட் (சாதனங்கள் இணையும் அடாப்டர்) லாக்கைப் பிடித்து, சாதனத்தின் முகவரியான சேனல், ஐடி, லன் மூன்றையும் கொடுத்து, அது நினைவகத்தில் இருக்கும் இடத்தைக் காட்டும் பாயிண்டரை வாங்கி, லாக்கை விட்டேன். அடுத்த வரியில் அந்தச் சாதனத்தின் ஹோஸ்ட்டேட்டா (டிரைவர் தன் தரவை மாட்டிவைக்கும் புலம்) வழியாக எங்கள் கட்டமைப்பைத் தொட்டேன். ஆறு மாதம் ஒரு குறையும் வரவில்லை. ஒரு நாள் ஐஓ ஓடிக்கொண்டிருக்கும்போதே வட்டை உருவிப் பார்த்தோம். கர்னல் விழுந்தது. ஊப்ஸ் எனும் கர்னல் பிழைப் பதிவில் ஒரு ரெஜிஸ்டர் முழுவதும் 6பி6பி6பி6பி என்று நின்றது. விடுவித்த நினைவகத்தில் ஸ்லப் டிபக் என்ற பிழைதேடும் வசதி நிரப்பும் எண் அது. லாக்கை விட்டதற்கும் அடுத்த வரிக்கும் இடையே சாதனம் போய்விட்டிருக்கிறது. டிபக் போடாத கணினிகளில் அதே வரி எதைத் தொட்டதோ என்ற நினைப்பு இன்னும் உறுத்துகிறது.

நூலிழை:
அடிக்கோடு இல்லாத லுக்கப்பை அழைத்தால் தீர்ந்தது என்பார்கள். தீராது. அது ரெஃபரன்ஸ் (நாம் வைத்திருக்கும்வரை சாதனத்தின் நினைவகத்தை விடுவிக்க விடாத பிடி) எடுத்துத் தருகிறது, திருப்பிக் கொடுப்பது நம் பொறுப்பு. நான் மாட்டியது ஹோஸ்டின் சாதனங்களைச் சுற்றிவரும் மேக்ரோவில். அடுத்த சாதனத்துக்கு நகரும்போது முந்தையதை அதுவே விட்டுவிடும். தேடியது கிடைத்ததும் பிரேக் போட்டு வெளியே வந்தேன், புட் செய்யவில்லை, அதாவது ரெஃபரன்ஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு ரீசெட்டுக்கும் எல்எஸ்மாட் கட்டளை காட்டும் டிரைவரின் பயன்பாட்டு எண்ணிக்கை ஒன்று ஏறியது. டிரைவரை இறக்கவே முடியவில்லை.

மூன்றாம்வரிசை:
என் கதை சிறியது. ரெஃபரன்ஸ் எடுக்கும் கெட் ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பை நான் பார்க்கவில்லை; நீக்கப்பட்டுக்கொண்டிருந்த சாதனத்துக்கு அது பிழை தந்திருந்தது.

வட்டுச்சுழல், இரட்டை அடிக்கோட்டை இனித் தொடவே தொடாதீர்கள். சாதாரண லுக்கப் லாக்கைப் பிடித்துக்கொண்டே தேடி, லாக்கை விடும் முன் கெட் செய்கிறது. கெட் தோற்றால் நல் (வெற்றுப் பாயிண்டர்) தருகிறது, அதைக் கட்டாயம் சோதியுங்கள். பிழை கண்டு பாதியில் திரும்பும் பாதைகள் உட்பட, வெளியேறும் ஒவ்வொரு பாதையிலும் புட் இருக்க வேண்டும். அதையும் ஸ்பின்லாக்குக்குள் (பிடித்திருக்கும்போது உறங்கக் கூடாத பூட்டு) செய்யாதீர்கள், கடைசி ரெஃபரன்ஸ் விடுபடும்போது உறங்க நேரலாம். பாயிண்டரைப் பிறகு பயன்படுத்தச் சேமிக்கிறீர்கள் என்றால், அந்த ரெஃபரன்ஸ் யாருடையது என்று பக்கத்திலேயே கமெண்ட் எழுதிவையுங்கள்.

வட்டுச்சுழல்:
தொடவே கூடாது என்பதை ஏற்க மாட்டேன். லாக்குக்குள்ளேயே வேலை முடியும் என்றால் இரட்டை அடிக்கோடு சரியானதுதான். நான் பாயிண்டரை வெளியே தூக்கி வந்ததுதான் பிழை. திருத்தியபின் அதே வட்டை நாற்பது முறை உருவினேன். ஒவ்வொரு முறையும் பதிவின் கடைசி வரி வரை படித்தேன்.